குறைந்தபட்சக் கூலியும் ஒரு சாயங்காலமும்

கேட்டில் நிற்கிற வேலையில் ஒரு பெருமை உண்டு, எவ்வளவு பெரிய வண்டியானாலும் நாம் கை காட்டினால்தான் நகரும். ஒரு குறையும் உண்டு, நாம் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது. துணிக்கடையில், பெட்ரோல் பங்கில், ஆஸ்பத்திரி வாசலில் என்று நின்றுகொண்டே பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும் படியுங்கள். உங்கள் சாயங்காலமும் எங்கேயோ ஒரு கேட்டில் மாட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஆறு மணி

என் பெயர் ஸ்டெல்லா. வீடு ராயபுரத்தில். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு இருக்கிறது. அதன் கேட்டில் நான் செக்யூரிட்டி. யார்டுக்காரர்கள் எங்களுக்கு முதலாளி இல்லை. ஒரு ஏஜென்சி எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டூட்டி. எட்டு மணி நேர வேலைக்கு இதற்குக் குறைந்து கூலி தரக்கூடாது என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது இல்லையா, அந்தக் கணக்கில் வாடகை கொடுக்கலாம், சாப்பிட முடியாது. அதனால் இன்னும் நாலு மணி நேரம் சேர்த்து நின்றோம். அப்படி நின்றால் சாப்பிடலாம், வீட்டில் இருக்க முடியாது.

முதல் நாள் எனக்குக் கொடுத்த சட்டை என்னைவிட இரண்டு மடங்கு ஆளுக்குத் தைத்தது. தோள் முழங்கை வரைக்கும் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நின்றபோது, எதிர்ப்பக்கத் தூணருகே நின்றிருந்தவர் சிரிக்கவில்லை. அவர்தான் சலீம் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். முப்பது வருஷம் மொத்தத் துணிக்கடை ஒன்றில் துணி பிரித்துப் போட்டுவிட்டு, கடை கைமாறியதும் இங்கே வந்தவர். தாடி முழுக்க வெள்ளை. அன்று சாயங்காலம் நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். மேற்கே மணலிப் பக்கம் புகைபோக்கிகளுக்கு நடுவே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால் நோவு கொஞ்ச நாள்ல பழகிப்பூடும்மா. இந்த ஆறு மணி கீது பாரு, அது மட்டும் பழகவே பழகாது."

லைசென்ஸ் காட்டுங்க

என் வீட்டுக்காரர் சேவியர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு யார்டு யார்டாகப் போகிற வேலை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேச்சு. வண்டி ஓடினால் காசு, வரிசையில் நின்றால் பட்டினி. அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் நான் கிளம்பியிருப்பேன். நான் வருகிற நேரத்தில் அவர் வண்டிக்குப் போயிருப்பார். அடுப்பில் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்த்துத்தான் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் மதியம் அவர் வண்டி எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டது. விதி என்றால் விதிதான், வருகிற டிரைவர் யாராயிருந்தாலும் லைசென்ஸ் பார்க்க வேண்டும். "லைசென்ஸ் காட்டுங்க" என்றேன். மேலே இருந்தபடியே எடுத்துக் காட்டினார். போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தேன். முகம் இளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீட்டில் அரை இருட்டில் பார்க்கிற முகத்தை அன்றைக்குத்தான் நல்ல வெயிலில் பார்த்தேன். பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டியாச்சா, உங்களுக்கு இருமல் நின்றதா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவீர்களா என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தேன். காசிமேட்டில் வாங்கிய வறுத்த மீன் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார்.

யார்டு மேனேஜர் ஆபீஸ் ரூமிலிருந்து இறங்கி வந்து, "எல்லா டிரைவர்கிட்டயும் இவ்ளோ நேரம் விசாரணை நடக்குமா?" என்றார். "இவர்கிட்ட மட்டும்தான் சார், வீட்டுல நேரம் கிடைக்கிறதில்ல" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு வேறு பக்கம் பார்த்தார். சேவியர்தான் மேலிருந்து குரல் கொடுத்தார்: "சீக்கிரம் கேட்டைத் தொறமே, நான் பொண்டாட்டிகிட்ட பேசிகினு கீறேன்னு தெரியாம பின்னாடி எல்லாரும் ஆரன் அடிக்கிறானுங்கோ."

போனில் வந்த மணி

எங்கள் கோயில் திருவிழாவில் தேர் கிளம்பும்போது மணி அடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்த மணிக்கு நான் வாசலில் நிற்காத வருஷம் இல்லை. கேட்டுக்கு வந்த பிறகு அது போயிற்று. லீவு எடுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பதோடு, அடுத்த நாள் கூடுதல் நேரமும் கிடைக்காது.

அந்த வருஷம் தேர் கிளம்புகிற நேரம் யார்டில் சரியான நெரிசல். வண்டிகளின் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது. என் மகள் ஜெனிஃபர், வீட்டில் எங்களுக்குப் பாப்பா. நர்சிங் படிக்கிறாள். எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே இரைச்சல். பட்டாசு, மேளம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். அதற்கு நடுவில் மணி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட் தூணில் சாய்ந்து நின்றேன். முன்னால் ஒரு டிரெய்லர் ஆரன் அடித்தது. சலீம் பாய் ஓடிவந்து என் பக்கத்து வண்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடினால் தேர் மேலே வைத்த மல்லிகை வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது. திறந்தால் டீசல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மகளின் குரல் வந்தது: "அம்மா, கேக்குதா? கூட்டத்துக்கு மேல போனைத் தூக்கிப் புடிச்சிகினு கீறேன், கை வலிக்குது, சீக்கிரம் வேண்டிக்கோ."

ஏறப்போகுதாம்

கூலியை ஏற்றப் போகிறார்கள் என்ற பேச்சு முதலில் டீக்கடைக்குத்தான் வந்தது. அரசாங்கம் சில வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குறைந்தபட்சக் கூலியைத் திரும்பக் கணக்குப் போடும். முதலில் இவ்வளவு வைக்கலாம் என்று ஒரு வரைவு வெளியிடுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். பிறகு முடிவு வரும். இந்தத் தடவை நல்ல ஏற்றம் இருக்கும் என்று சொன்னார்கள். எங்கள் கேட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

சரக்குக்குச் சுங்கப் பேப்பர் முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிற பிரபு என்ற பையன் தினமும் பேப்பர்களோடு வருவான். நல்ல பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "ஏத்துனா சந்தோஷந்தான்க்கா. ஆனா கம்பெனிக்காரன் கையில இருந்து போட மாட்டான். நாலு பேர் நிக்கிற எடத்துல மூணு பேர் போதும்பான். அந்த நாலாவது ஆளு யாரு?" என்றான். சலீம் பாய் கோபப்பட்டார். "அப்போ காலம் பூரா இப்பிடியே நிக்கச் சொல்றியா நைனா?" பிரபு அப்படிச் சொல்லவில்லை என்றான். எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

பிரபு போன பிறகு, பேச்சை மாற்றலாம் என்று, "ஏறிச்சுன்னா முதல்ல இன்னா பண்ணுவீங்க பாய்?" என்று கேட்டேன். புது வேட்டி, மகளுக்கு நகை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். இவர் போகிற நேரத்துக்கு வீட்டில் எல்லாரும் படுத்திருப்பார்கள், எழுப்ப மனசில்லாமல் தானே திறந்துகொண்டு போய்ப் படுத்துவிடுவாராம். "எக்ஸ்ட்ரா டூட்டிய வுட்டுட்டு, வெளிச்சம் கீறப்பவே வூட்டுக்குப் போயி கதவத் தட்டுவேம்மா. உள்ள இருந்து 'யாரு?'ன்னு ஒரு கொரல் கேக்கணும், அவ்ளோதான்."

நாலு மிஷின்

என் தங்கை ரோஸி பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். மாடியில் ஒரே ஒரு அறை, நாலு மிஷின், நாலு பெண்கள். மெட்ரோ வந்த பிறகு கூட்டம் கூடியது, கூடவே வாடகையும் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் அறைக்குப் போயிருந்தேன். வரவிருந்த ஏற்றத்தைப் பற்றி நான் ஆசையாகப் பேச ஆரம்பித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. தையல் வேலைக்கும் ஏற்றச் சொல்கிறார்களாம்.

"மொத்தக் கடைக்காரன் ஒரு நைட்டிக்குத் தர்ற வெலைய ஏத்த மாட்டான்க்கா. இவங்களுக்கு மட்டும் நான் எங்கேருந்து தர்றது?" என்றாள். அப்படியானால் இந்த நாலு பேரும் எப்படிப் பிழைப்பது என்று கேட்டேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், நாலு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தலையைத் தூக்காமலே மெல்லச் சொன்னாள், "எனக்கு ஏத்துங்கன்னு நான் கேக்க மாட்டேன்க்கா. ஆனா ஏத்துனா வேணாம்னு சொல்ல மாட்டேன்." எல்லாரும் சிரித்தோம். ரோஸியும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

அவளும் அந்தப் பெண்களைப் போலத்தான் காலையிலிருந்து துணி வெட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாவது மிஷின் போடக் காசில்லாமல், மதிய நேரத்தில் யார் சாப்பிடப் போகிறார்களோ அவர்கள் மிஷினில் இவள் தைப்பாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ கேக்குற சம்பளத்த நான் குடுத்தன்னு வெச்சிக்கோ, அடுத்த மாசம் உன் கேட்டுல உன் பக்கத்துலயே வந்து நிப்பேன், எடம் வெச்சிரு."

ரகசிய ஆதரவு

எங்கள் ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசர் என்று ஒருத்தர் உண்டு. பெயர் தனசேகர். ஆபீசர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டை பைக்கில் மாதவரத்திலிருந்து எண்ணூர் வரை கேட் கேட்டாக ஓடி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்கிறவர். வந்து நின்றார் என்றால் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

ஒருநாள் டூட்டி மாறுகிற நேரத்தில் எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து உரக்கப் பேசினார். சம்பளம் கேட்கிற கூட்டத்துக்கெல்லாம் யாரும் போகக்கூடாது. போனது தெரிந்தால் அடுத்த நாள் வேறு ஆள் வரும். யார்டுக்காரர்கள் தானாகத் திறந்து மூடுகிற தடுப்புக் கம்பி வாங்க விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது லீவும் கேட்காது, சம்பளமும் கேட்காது. இதையெல்லாம் மேனேஜர் ரூம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். ஏனென்றால் போவது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

பேசி முடித்துவிட்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவர், கேட் தாண்டியதும் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். எனக்கு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னார்: "நீங்க கேக்குறதக் கேளுங்கக்கா, நான் திட்டுறதத் திட்டுறேன். உங்களுக்கு ஏறுனாத்தான் எனக்கும் ஏறும்."

வரம்புக்கு வெளியே

கூலியைப் பற்றி அரசாங்கக் குழு கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனவர் வசந்தி அக்கா. திருவொற்றியூரில் ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்த்து சங்கம் நடத்துகிறவர், ஒரு காலத்தில் தானும் பெருக்குகிற வேலையில் இருந்தவர். பல்வலி என்று சொல்லிவிட்டு லீவு போட்டேன். வீட்டில் இருக்கிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். சேவியர் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார், போனால் வேலை போகும், ஆனாலும் போ என்று. அந்த 'ஆனாலும்' இல்லாவிட்டால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

பெரிய ஹால். எதிர்வரிசையில் முதலாளிகள் தரப்பு. எங்கள் ஏஜென்சி முதலாளியும் இருந்தார். அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு தனசேகர். அவர் கண் என் மேல் பட்டது.  அவர் மெல்லத் தலையைத் தூக்கி, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தவர், கூட்டம் முடிகிற வரை இறக்கவே இல்லை. முதலாளிகள் தரப்பில் பேசியவர் மோசமாகப் பேசவில்லை. கம்பெனிகள் தங்களைப் போன்ற ஏஜென்சிகளுக்குத் தருகிற காசை ஏற்றாமல் தாங்கள் மட்டும் கூலியை ஏற்றினால் ஏஜென்சியை மூட வேண்டியதுதான் என்றார். கேட்டபோது எனக்கு ரோஸியின் ஞாபகம் வந்தது.

என் முறை வந்தது. அரிசி, கேஸ், வாடகை, பஸ் என்று வசந்தி அக்கா சொல்லிக்கொடுத்ததை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையானவர். "பதற வேணாம்மா. உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். "எட்டு மணி நேர வேலையிலயே சாப்பிடுற மாதிரி இருக்கணும் சார். சாயங்காலம் வீட்டுல இருக்கணும். என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு."  முதலாளிகள் தரப்பில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். பிறகு நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "கூலியை நாங்க பார்த்துச் சொல்றோம்மா. சாயங்காலம் இந்தக் குழுவோட வரம்புல வராது."

பாய்க்கு மாதவரம்

கூலி ஏறியது. நாங்கள் ஆசைப்பட்ட அளவு இல்லை, அவர்கள் பயந்த அளவும் இல்லை. அன்றைக்கு சலீம் பாய் கேட்டில் எல்லா டிரைவருக்கும் மிட்டாய் கொடுத்தார். அடுத்த மாதமே கணக்கு மாறியது. கூலி ஏறினால் கூடுதல் நேரத்துக்கான கூலியும் ஏறும். இத்தனை நாள் அதைப் பாதிதான் கொடுத்துவந்தார்கள், இனிமேல் ஒழுங்காக இரட்டிப்பாகக் கொடுத்தாக வேண்டும் என்று யார்டின் மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பேசாமல் கூடுதல் நேரத்தையே எடுத்துவிடலாம் என்று முடிவானது. எட்டு மணி நேர ஷிப்டு. ஷிப்டுக்கு ஒரு ஆள், கூட ஒரு தடுப்புக் கம்பி. பகலுக்கு இரண்டு பேர், இரவுக்கு இரண்டு பேர் என்று நாலு பேர் நின்ற கேட்டில் மூன்று பேர் போதும். பிரபு பேப்பரோடு வந்தவன் கம்பியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தான் சொன்னதுதான் நடந்தது என்று காட்டிக்கொள்ளாமல் போய்விட்டான். அவனை எனக்கு அன்றிலிருந்து இன்னும் பிடிக்கும்.

நாலாவது ஆள் சலீம் பாய். வேலையைவிட்டு எடுக்கவில்லை, தனசேகர் எங்கெங்கோ கெஞ்சி மாதவரத்தில் ஒரு குடோனில் இடம் பிடித்துக் கொடுத்தார். அங்கேயும் எட்டு மணி நேரம்தான். ஆனால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும், லாரி நெரிசலில் அந்த பஸ் நகரவே நகராது. கடைசி நாள் தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.  கூட்டத்துக்குப் போய்ப் பேசியது நான். இடம் போனது அவருக்கு. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். "நீ பேசுனது கரீட்டு தங்கச்சி, அதுல மனச வுடாத. ஒண்ணு மட்டும் அடுத்த வாட்டி கேளு, பஸ்ஸுல நிக்கிற நேரத்தையும் டூட்டில சேக்க மாட்டாங்களான்னு."

விருந்தாளி

எனக்குக் காலை ஷிப்டு கிடைத்தது. மதியம் முடிந்தால் வீடு. புதுக் கூலி ஏறியும், கூடுதல் நேரம் போனதால், கைக்கு வந்தது ஏறக்குறைய பழைய தொகைதான். முன்பு பன்னிரண்டு மணி நேரம் நின்றதற்கு வந்தது, இப்போது எட்டு மணி நேரத்துக்கு வந்தது. யாராவது உங்களிடம் கூலி ஏறி என்ன லாபம் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் சலீம் பாயைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் மதியம் எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது எனக்கே புது இடமாக இருந்தது. எதிர்வீட்டு மாடியில் புறாக்கூண்டு இருப்பது தெரியாது. மூலையில் பஜ்ஜிக் கடை போடுகிறார்கள் என்பதும் தெரியாது. நாலரை மணிக்கு எங்கள் ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, அலமாரி வரைக்கும் வந்து, பாப்பாவின் புத்தகங்கள் மேல் ஏறிப் போகிறது. இத்தனை வருஷம் வாடகை கொடுத்த வீட்டில் அதை நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்ன வேலை செய்வது என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம் வாசல்படியில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் புது ஆட்கள் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டு அம்மாள் குடத்தோடு வந்தவர், என்னைப் பார்த்து நின்று, நல்ல மனதோடு சிரித்துக் கேட்டார்: "ஸ்டெல்லா வூட்டுக்கு வந்துகீறீங்களா? அது எட்டு மணிக்கு மேலதான் வரும், உள்ள வந்து ஒக்காருங்க."

வண்டிக்குள்ளே

எனக்குச் சாயங்காலம் வந்துவிட்டது, சேவியருக்கு வரவில்லை. ட்ரிப் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு எந்த ஏற்றமும் வந்து சேரவில்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்று வண்டி முதலாளி சொல்லிவிட்டாராம். நான் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி வரிசையில் நிற்கிறது, நகர்ந்ததும் துறைமுகத்துக்குள் போய் ஏற்றிக்கொண்டு வருகிறேன், நீ சாப்பிடு என்று போன் வரும். ஒரு வாரம், இரண்டு வாரம் இப்படியே போயிற்று. கேட்டில் நின்றபோது நினைத்து நினைத்து ஏங்கிய சாயங்காலம் இது இல்லை. இத்தனை நாள் இல்லாததற்கு ஏங்கினேன். இப்போது நேரத்தை மடியில் வைத்துக்கொண்டே ஏங்கினேன். அது இன்னும் மோசம்.

ஒரு வியாழக்கிழமை பொறுக்கவில்லை. சோற்றையும், சுறாப் புட்டையும், ரசத்தையும் கேரியரில் கட்டிக்கொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். கடலோர ரோட்டில் கண்ணுக்கெட்டிய வரை டிரெய்லர்கள். ஒவ்வொரு நம்பராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, கேரியரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாமே இது, பைத்தியமா உனக்கு?" என்றார். ஆனால் கையை நீட்டி மேலே ஏற்றிவிட்டார். அவ்வளவு உயரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் பாறாங்கற்களுக்கு அப்பால் கடல். சீட்டுக்கு நடுவே பேப்பர் விரித்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.  இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். முன்னால் வண்டி நகர்கிறதா என்று பார்க்கவேண்டியவர், ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ரசத்தைக் குடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் கையை ஊன்றி அப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெயிலில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்து எனக்கு எத்தனை வருஷமாயிற்று! கண்ணீர் வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பக்கத்து டிரெய்லரின் டிரைவர் தன் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சேவியரோடு எப்போதும் வரிசையில் நிற்கிற பையன். அவன் இரண்டு வண்டிக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்: "இன்னாண்ணே, வண்டிக்குள்ளவே குடித்தனமா? அண்ணிகிட்ட சொல்லு, நாளைக்கும் வண்டி நவுறாது!"

ஆக, கூலிச் சட்டம் எனக்குக் கொடுத்துவிட்ட சாயங்காலத்தை, என் வீட்டுக்காரருக்கு மட்டும் இன்றைக்கு வரை டிராபிக் ஜாம்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.